முழு இழப்பு

பிரேயஸ் துறைமுகம், நான்காம் மாடி.
மூழ்கியவற்றை எண்ணுவது என் வேலை.
இன்று காலை இருபத்தாறு பெட்டகங்கள்:
தரை ஓடு, ஷாம்பு, குழந்தைகளின் மழைக் காலணி.
பிஸ்கே விரிகுடாவில் போயின.
படிவத்தில் 'இறைவன் செயல்' என்றொரு கட்டம் உண்டு.
அதில் குறியிட்டதும்
யாருக்கும் யார்மேலும் கோபமில்லை.

இந்தக் கரைக்குப் பக்கத்தில்தான் என்கிறார்கள்,
இரண்டாயிரத்து முந்நூறு வருஷம் முன்னால்
ஊதாச் சாயம் ஏற்றி வந்த ஒருவன்
வெறுங்கையோடு கரையேறினான்.
காப்பீடு கிடையாது.
ஏதென்சுக்கு நடந்து போய்
ஒரு புத்தகக் கடையில் உட்கார்ந்தானாம்.
பிற்பாடு, ஓவியம் தீட்டிய மண்டபத்தில்
நின்றும் நடந்தும் பேசினானாம்:
உன் கையில் உள்ளது எது, இல்லாதது எது.

வேலை குறைந்த ஒரு மதியம்
அவனுக்கும் ஒரு படிவம் நிரப்பினேன்.
சரக்கு: சாயம்.
அளவு: தெரியவில்லை.
அதற்காகச் செத்த கடல் நத்தைகள்: கட்டமே இல்லை.
இழப்பின் வகை: முழு இழப்பு.
மீட்கப்பட்டது:
அங்கே பேனா நின்றுவிட்டது.

மார்ச்சில் பதினோரு பேரை அனுப்பினார்கள்.
மறுவாரம் மைக்கோடு வந்தான் பயிற்சியாளன்.
திரையில் தாடி வைத்த பளிங்குத் தலை.
"உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதை மட்டும் நினையுங்கள்."
கை தூக்கினேன்.
அந்தப் பதினோரு நாற்காலிகள்
யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தன?
நல்ல கேள்வி என்றான்.
அடுத்த படத்துக்குப் போனான்.
முடிவில் ஆளுக்கொரு காபிக் கோப்பை,
அதே பளிங்குத் தலை, அதே வாசகம்.

மெனெலாவோஸ் ஃபோனில் சிரித்தான்.
இருபத்திரண்டு வருஷம் என் எதிர் மேசை.
இப்போது இரவு டாக்ஸி.
"எனக்கும் ஒரு கோப்பை எடுத்து வை, ஆர்கிரோ.
பேனா போட்டுவைக்க ஆகும்."

அவன் வழக்குப் போட்டான்.
அக்டோபரில் என்னைக் கூப்பிட்டார்கள்.
கண்ணாடி அறை. தண்ணீர் பாட்டில். ஒரு தாள்:
அவன் கோப்புகளில் தில்லுமுல்லு செய்ததை
நான் கண்ணால் பார்த்தேனாம்.
கீழே கோடு.
கோட்டின் அடியில், அச்சில், என் பெயர்.

வீட்டுக் கடன் நினைவு வந்தது.
மகளின் பல்கலைக்கழகக் கட்டணம் நினைவு வந்தது.
மண்டபம், தத்துவம், ஒரு மண்ணும் நினைவுக்கு வரவில்லை,
சத்தியமாக.
கை நடுங்கியது.
நடுக்கம் என் கையில் இல்லை.
கையெழுத்து என் கையில்.

தாளைத் திருப்பித் தள்ளினேன்.
"யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்கள்.
"சொல்லிவிட்டேன்" என்றேன்.
குரல் கீச்சென்று வந்தது. வீரமெல்லாம் இல்லை.

மொனாஸ்திராக்கியில் இறங்கி நடந்தேன்.
கம்பி வேலிக்குக் கீழே, பள்ளத்தில்,
அந்த மண்டபம் என்று சொல்லப்படும் கற்கள்.
படிமேல் ஒரு சாம்பல் பூனை.
எதிர் உணவகத்தில் உருளைக்கிழங்கு பொரியும் வாசனை.
ரயில் கடந்தபோது வேலி அதிர்ந்தது,
பூனை ஒரு காதை மட்டும் திருப்பியது.

அவர்கள் பேச்சை
எங்கள் முதலாளிகள் கோப்பையில் அச்சடிக்கிறார்கள்:
பொறுத்துக்கொள்.
இந்தக் கல்லில் நின்றவர்கள் அதையும் சொல்லியிருக்கலாம்.
பொறுத்துக்கொண்டே
மறுக்கவும் முடியும் என்பதை
அச்சடிக்கக் கோப்பையில் இடமில்லை போலும்.

கப்பல் கவிழ்ந்ததா, திங்கட்கிழமை தெரியும்.
கை தன்னால் கன்னத்துக்குப் போகப் பார்த்தது.
கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.
உள்ளே பழைய பயணச்சீட்டு ஒன்று,
மூடியில்லாத ஒரு பேனா.
விரலெல்லாம் மை.
ஊதா இல்லை,
சாதாரண நீலம்தான்.