கிராதி

கிராதியைக் கழற்ற வந்த தச்சன் கிறிஸ்தவன்,
டீட்மார் என்று பெயர்.
ஆணிகளை எண்ணி எண்ணித் தகரக் குவளையில் போட்டான்.
"நல்ல ஓக் மரம், அடுப்பில் வைத்துவிடாதீர்கள்" என்றான்.
வைக்கவில்லை.
இரண்டு தாலர் கொடுத்து நானே வாங்கினேன்.
லேஸர் தலையில் அடித்துக்கொண்டான்.

லிப்பே ஆற்றங்கரையில் எங்கள் சின்ன ஜெபாலயம்.
இருபத்திரண்டு வருடம்
அந்தக் கட்டங்களுக்குள்தான் கீழே நடந்ததெல்லாம்.
என் கணவனின் வழுக்கை
நாலு துண்டாகத் தெரியும்.
தோராச் சுருளை ஊர்வலமாய்க் கொண்டுபோகையில்
ஒரு கட்டத்தில் மறைந்து
மறு கட்டத்தில் வெள்ளி மணி முளைக்கும்.

இதையும் சொல்லிவிட வேண்டும்:
கிராதிக்குப் பின்னால் நாங்கள் ஒன்றும் புனிதவதிகளாய் இல்லை.
பிள்ளைக்குப் பால் கொடுத்தோம்.
சப்பாத் நாளிலேயே வாத்து விலை பேசினோம்.
மூன்றாவது குழந்தையைப் புதைத்த வாரம்
பிரைன்டல் நெற்றியை மரத்தில் அழுத்தி அழுதாள்;
நிமிர்ந்தபோது நெற்றியில் கட்டம் பதிந்திருந்தது.
ஆண்கள் யாரும் பார்க்கவில்லை.
அதுவும் ஒரு வசதி.

புது ரப்பி ஹெர்ட்ஸ் ஃபால்கன்பாக்
பெர்லினில் படித்தவர், தாடியைக் கத்தரித்தவர்.
கழுத்தில் வெள்ளைப் பட்டி கட்டுவதால்
மாட்டு வியாபாரி ஃபைஸ் அவரைப் பாதிரி என்பான்,
அவர் காதில் விழும் தூரத்தில்.
மறைப்பு எடுத்த முதல் சப்பாத்தில்
அண்ணாந்து எங்களைப் பார்த்து, ஜெர்மனில்,
"சகோதரிகளே" என்றார்.
கீழே அத்தனை தொப்பிகளும் ஒரே சமயத்தில் திரும்பின.
பிரைன்டல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.
தெருவில் முக்காடு நழுவிய மாதிரி இருந்ததாம்.

காலை ஆசிகளை அச்சடித்துத் தந்திருந்தார்,
ஒரு பக்கம் எபிரேயம், ஒரு பக்கம் ஜெர்மன்.
விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன்.
ஓரிடத்தில் அவர் நின்று மூச்சு வாங்கினார்.
தாளில் அங்கே ஒன்றுமில்லை.
அந்த மூச்சுக்குள்
ஃபைஸும் இன்னும் பதினோரு பேரும்
ஒரு வரியை உரக்கச் சொன்னார்கள்,
கதவை உதைப்பது போல.
லேஸரும் சொன்னான்.
துண்டுபடாத அவன் வாயை அன்றுதான் பார்த்தேன்.

சாப்பாட்டு மேசையில் கேட்டேன், அது என்ன வரி?
கரண்டியைக் கீழே வைத்தான்.
"சொல்கிற வழக்கம், அவ்வளவுதான்."
என்ன வரி?
"என்னைப் பெண்ணாகப் படைக்காதவருக்கு நன்றி."

தினமும் காபிக்கு முன்னால்
என் அடுப்படியில் நின்று சொன்ன வரி.
ரொட்டியைப் பற்றி ஏதோ என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று
முணுமுணுத்தான்.
நான் காபி அரவையைச் சுற்றினேன்,
தேவைக்கு மேல் வேகமாக.

ஜூலையில் ஆர்கன் நிதி கேட்டு ரப்பி வந்தார்.
தோட்டத்துக் கிராதியில் அவரை ஏறியிருந்தது.
"இது..."
"ஆமாம்."
"அது இல்லாமல் அங்கே எப்படி இருக்கிறது?"
"சில நாள் குளிர்கிறது" என்றேன்.
பதில் பிடித்ததா, தெரியவில்லை.
இலையுதிர் காலத்தில் அவர் வேலைக்கே ஓட்டெடுப்பு.
கோட்டின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது.
ஒரு பிடி அவரைக்காய் பறித்துக் கொடுத்தேன்.
மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு
ஒவ்வொரு காயாகப் பிரித்துப் புழு பார்த்தார்,
பழைய ரப்பி பார்ப்பது போலவே.

அடுத்த சப்பாத்தில் அதே இடம், அதே மூச்சு.
குரல்களை எண்ணினேன். ஒன்பது.
லேஸருக்கு அங்கே இருமல் வந்தது.
நடுக்கோடை.
அவனுக்குச் சளி கிடையாது.