லேட்

ஜம்பட்டாத் தெரு அச்சகத்துக்கு
நான் எப்போதும் லேட்.
வெள்ளவத்தையில் ஏறினால்
கொள்ளுப்பிட்டி வரைக்கும் பஸ் ஊரும்,
பிறகு நின்றுவிடும்.
நிஸ்தார் நானா கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்,
என்னையும் பார்க்க மாட்டார்.
மேசையில் கிடக்கும் புரூப்பைப் பார்த்து
"லேட்" என்பார்.
அது எனக்கா, கட்டிங் மெசினுக்கா,
நேற்றே வந்திருக்க வேண்டிய கடதாசிக்கா,
பத்து வருடமாக நான் கேட்டதில்லை.

கொழும்பில் இது யாருடைய சொல்லும் இல்லை.
சிங்களத்தில் ஏசுகிறவருக்கும் லேட்,
தமிழில் மழுப்புகிறவருக்கும் லேட்.
கோட்டைக்கு வரும் ரயில் லேட்.
சம்பளம் லேட்.
கல்யாணமாகி ஆறு வருடமான தங்கச்சி
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
போனில் மெல்லச் சொன்னாள்: "ஒன்பது நாள் லேட் அக்கா."
அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு
நாங்கள் கேக் வெட்டினோம்.

பின்னேரம் மூன்று மணிக்கு மேல்
மரண அறிவித்தல்கள் வரும்.
இரவுக்குள் கம்பத்தில் ஒட்ட வேண்டும், அவசரம்.
இங்கிலீஷ் பிரதியில்
செத்தவரின் தாய் தகப்பன் பெயருக்கு முன்னால்
அதே நாலெழுத்து நிற்கும்.
தமிழில் அதைக் 'காலஞ்சென்ற' என்று அடிப்பேன்,
காசுள்ள வீடென்றால் 'அமரர்'.
வேலைக்கு வந்த புதிதில் விளங்கவேயில்லை.
எதற்குப் பிந்தினார்கள் இவர்கள்?
காலம் போய்விட்டது என்கிறது தமிழ்.
ஆள் பிந்திவிட்டார் என்கிறது இங்கிலீஷ்,
என்னவோ
டிராபிக்கில் மாட்டுப்பட்டவர் மாதிரி,
இனியும் வியர்த்து வந்து
மன்னிப்புக் கேட்பார் மாதிரி.

போன ஆவணியில்
முகத்துவாரத்திலிருந்து கொன்சியக்கா வந்தா.
மகளுக்குக் கலியாணம்.
முந்நூறு அட்டை, பொன் எழுத்து, உறை வேறு.
மாப்பிள்ளை பகுதி எழுதித் தந்த தாளில்
பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால்
லேட் என்று இருந்தது.
அவ அதன்மேல் விரலை வைத்தா.
இறால் உரித்து வெடித்த நகம்.
"இது வேணாம்."

நான் பார்த்தேன்.

"ரெண்டாயிரத்தெட்டு. புதன்கிழமை.
பாணும் போனுக்குக் காட்டும் வாங்கத்தான் போனவர்.
வரல்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.
வராத ஆளை லேட் எண்டு சொல்லலாம், சரி.
ஆனா இந்த லேட் அந்த லேட் இல்லையே மிஸ்?"

மாப்பிள்ளையின் அண்ணனுக்குப் போன் எடுத்தோம்.
ஸ்பீக்கரில் அவன் குரல் நல்ல குரல்தான்,
பொறுமையான குரல்:
"வெறும் மிஸ்டர் எண்டு போட்டா
கோயில் வாசல்ல எல்லாரும் அவரைத் தேடுவாங்களே அன்ரி."

"தேடட்டும்" என்றா கொன்சியக்கா.
"பதினாறு வருசமா நான் மட்டுந்தானே தேடுறன்."

மெசின் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.
யாரும் அதை நிறுத்தவில்லை.
நான் விசையில் ஐந்து தரம் தட்டினேன்,
நாலெழுத்துக்கும் ஒரு இடைவெளிக்கும்.
மிஸ்டர் வின்சலஸ் பர்னாந்து
தானாகவே கொஞ்சம் நகர்ந்து
வரியின் நடுவுக்கு வந்து நின்றார்.

திங்கள் தருவதாகச் சொன்ன அட்டை
வியாழன்தான் முடிந்தது.
நானா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்.
அவ கையைக் காட்டி நிறுத்திவிட்டு
பெட்டியின் மேலிருந்த ஒன்றை எடுத்து
வாசல் வெயிலில் சரித்துப் பிடித்தா,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
நோட்டில் நூல் பார்ப்பது போல.

பிறகு சிரித்தா.
"நாலெழுத்துக் குறைஞ்சிருக்கே நானா,
காசில ஒண்டும் குறையாதா?"

நானா பில் புத்தகத்தைத் தேடினார்.
லாச்சியைத் திறந்தார், மூடினார்,
குனிந்து மேசைக்குக் கீழே தேடினார்.
அது அவர் முழங்கைக்குக் கீழேயே கிடந்தது.