நூற்று நாற்பத்தேழு

ஸ்டென்கா, பிளாஸ்கை இன்னும் திறக்காதே.
காப்பி இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும்.
ஆமாம், இரண்டு மணி நேரம்.
பிறகு ஐம்பது வினாடி.
பிறகு வீடு.
இதற்கா ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்தாய் என்று
கண்ணாலேயே கேட்கிறாய். கேள்.
கார்ப்பெட் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்ததும்
உன்னை நேரே இங்கே இழுத்து வந்தவள் நான்தானே.

இது கெர்க்ஹோல் ஏற்றம்.
ஃபிளாண்டர்ஸ் வரைபடத்தில் நகக்கீறல் அளவு.
மேலே ஒடிலோனின் களைக்கோசு வயல்,
கீழே அவன் மாட்டுத் தொழுவம்,
நடுவே மழையில் ஊறி
மீன் முதுகாய் வழுக்கும் கருங்கற்கள்.
நடந்து ஏறும்போதே உனக்கு மூச்சு வாங்கியது.
அதை மறந்துவிடாதே,
இன்றைக்கு உன்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல் அது.

யார் முதலில் வருகிறான் என்று பார்க்காதே.
அதைச் செய்தித்தாள் பார்த்துக்கொள்ளும்.
நீ காற்றைப் பார்.
அந்தப் பாப்லர் மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன?
அந்தப் பக்கம்தான் எல்லோரும் ஒளிவார்கள்,
ஒருவன் விலாவுக்குப் பின்னால் இன்னொருவன்,
வானத்தில் வாத்துகள் பிடிக்கிற அதே சாய்வரிசை.
முன்னால் இருப்பவன் காற்றைத் தின்கிறான்.
பின்னால் இருப்பவன் மிச்சத்தைக் கொறிக்கிறான்.
எதிரிகள்கூட முறை வைத்துத்தான் தின்பார்கள்,
கடைசி மூன்று கிலோமீட்டர் வரை.
அதற்கப்புறம் பார்,
காலையிலிருந்து காற்று மறைத்தவனையே
கழற்றிவிட்டுப் பாய்வதை.

சிலர் ஜெயிக்க வருவதே இல்லை.
சட்டைக்குள் ஆறு தண்ணீர்ப் போத்தல் திணித்து
ஏழு மாதக் கர்ப்பிணி போல வீங்கி
காரிலிருந்து தலைவனுக்குச் சுமந்து போவான் ஒருவன்.
அவனுக்குச் சம்பளமே அதற்குத்தான்.
நாம் விடிய விடிய நூல்கண்டு மாற்றுகிறோமே,
கம்பளத்தில் எவன் நடக்கிறான் என்று கேட்டோமா?

சரி, எழுந்திரு.
ஹெலிகாப்டர்.
ஒடிலோனின் நாய்கள் வானத்தைத் திட்டுகின்றன.
போலீஸ் மோட்டார்சைக்கிள், ஹாரன்,
காலை உள்ளே இழு, ஸ்டென்கா, காலை இழு!

சங்கிலிகளின் சளசளப்பு,
தைல வாடை, சாணி வாடை,
சேறு பூசி ஒரே நிறமான முகங்கள்,
யாரோ யாரையோ கெட்ட வார்த்தையில் அழைக்கிறான்,
உன் கன்னத்தில் ஒரு துளி, மழையா வியர்வையா தெரியவில்லை,
போய்விட்டார்கள்.

"இவ்வளவுதானா" என்று நீ வாயெடுக்கும்போது
அவன் வருகிறான்.

தனியாக.
எண் நூற்று நாற்பத்தேழு.
தொடைத் துணி கிழிந்து, முழங்கால் உரிந்து,
சக்கரம் இப்போது நின்றுவிடும்,
இப்போது நின்றுவிடும்,
நிற்கவில்லை.
அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை,
பெருக்கிச் சேர்த்துக்கொண்டு போகும் வண்டி மட்டும்
கழுகு போல, அவசரமில்லாமல்.

நீ செக் மொழியில் கத்தினாய்.
என்ன கத்தினாயோ, எனக்குப் புரியவில்லை,
அவனுக்கும் புரிந்திருக்காது.
பக்கத்திலேயே பத்தடி ஓடினாய்,
பிளாஸ்க் கவிழ்ந்து நம் காப்பி முழுக்கக்
கல்லிடுக்கில் இறங்கிப் போனது.
அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இப்போது மதுக்கடை.
தொலைக்காட்சியில் எவனோ பூங்கொத்தைத் தூக்குகிறான்,
கடை முழுவதும் ஆரவாரம்.
நீ மட்டும் போனில் பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டு,
கீழே, இன்னும் கீழே.
நூற்று நாற்பத்தேழு:
நேர வரம்பு தாண்டியவர். எட்டு வினாடி.

"எட்டு வினாடியா?"
மேசையில் குத்துகிறாய்.
"எவன் வைத்தான் இந்த வரம்பை? அவன் ஏறினானா அந்த மேட்டை?
அவன் ஆபீஸ் எங்கே இருக்கிறது?"

ஒடிலோன் உன்னைப் பார்க்கிறான்,
என்னைப் பார்க்கிறான்,
ஒன்றும் சொல்லாமல்
தன் நாற்காலியை நகர்த்தி
உனக்கு இடம் விடுகிறான்.