முதல் பாதை

"வாகனம் என்ன மாதிரி?" என்று
போனில் கேட்டாள் மணமகளின் பெரியம்மா.
"நேரத்துக்கு வந்துருவன்" என்றேன்.
கேட்டதற்குப் பதில் அதில்லை.
இரண்டு பேருமே கவனிக்காத மாதிரி விட்டுவிட்டோம்.

வாகனம் என்ன மாதிரியென்றால்,
தங்கச்சி ஏ.எல். படிக்கையில் வாங்கிய லேடீஸ் சைக்கிள்.
முன்கூடையில் ஸ்ட்ரெய்ட்னர், ஹேர் ஸ்ப்ரே,
ஈரத்துவாயில் சுற்றிய லிப்ஸ்டிக் பதினாறு.
போன சித்திரையில் சுற்றாமல் கொண்டுபோய்
மருதமுனையில் மூடி திறந்தால்
எல்லாம் ஒரே குழம்பு, ஒரே நிறம்.
கரியலில் பெட்டி, பழைய டியூபால் மூன்று சுற்று.
ரிங் லைட்டைத் தோளில் மாட்டிக்கொள்வேன்.
தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு
சில்லொன்று கழன்று
என் முதுகில் ஏறிக்கொண்டது போலிருக்கும்.

களுதாவளையில் நாலு மணிக்கு மிதிக்கத் தொடங்கினேன்.
வெற்றிலைத் தோட்டத்து நாய்களுக்கு என்னைத் தெரியும்,
ஒன்று மட்டும் கடமைக்குக் குரைத்தது.

குருமண்வெளித் துறையில்
ஓடத்துக்குப் பேர் பாதை.
"பாதை அக்கரையில நிக்குது" என்பார்கள்.
"இருகா, பாதை வரும்" என்பார்கள்.
காருள்ளவர்கள் பாதையைத் தேடிப் போகவேண்டும்.
எனக்கோ அது தானே வந்து
கரையில் முட்டி நிற்கும்,
டீசல் மணத்தோடு,
ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்து.

பிறிஸ்கா மிஸ் மண்டூர் ஆஸ்பத்திரி நர்ஸ்.
பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஐப்ரோ எடுப்பீங்களா?"
"ஓம்."
"இப்பயா?"
வாவி நடுவில், வெறும் மீன்பெட்டியில் அவளை இருத்தி
நூலின் நுனியைப் பல்லில் கடித்தேன்.
பாதை ஆடியது.
புருவத்தில் ஒரு மயிர் கூடிப்போனால் கோபம்,
ஒரு மயிர் குறைந்துபோனால் ஆச்சரியம்;
அந்த ஆச்சரியத்தோடு அவள்
நாள் முழுக்க ஊசி போடவேண்டியிருக்கும்.
ஒன்றும் சொல்லவில்லை நான்.
எஞ்சின்காரர் திரும்பிப் பார்த்தார்,
சத்தத்தைக் குறைத்தார்.
பால் கொண்டுபோகிறவர், இரண்டு மேசன்மார்,
மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்த பொடியன்,
எல்லாரும் அசையாமல் நின்றார்கள்,
தங்கள் புருவம்தான் என் பல்லில் என்பது போல.

நூற்றைம்பது ரூபாய்.
போனில் முகம் பார்த்து,
"மறுகா வெள்ளிக்கிழமையும் இதே பாதைதான்" என்றாள்.

ஒழுங்கை முனையில் நின்று என் முகத்தைத் துடைத்தேன்.
வேர்த்துக் கொட்டுகிறவள் பூசும் பவுடரை
யார் நம்புவார்?
"கார எங்க நிப்பாட்டின நீங்க?"
"பாதையில" என்றேன்,
முழுப்பொய் என்று சொல்லமுடியாது.

ஆனால் ஏழு மணிக்குப் பெரியம்மா
பூவரசோடு சாத்தியிருந்த சைக்கிளைக் கண்டுவிட்டாள்.
மணமகள் அபிநிலாவுக்கு நான் கொசுவம் மடிக்கையில்
மெதுவாக வந்து சொல்கிறாள்:
"வேன்ல வாற ஆள் இருபத்தஞ்சு கேட்டவ.
உங்களுக்குப் பெற்றோல் செலவில்லதானே,
பாத்து எடுங்க."

என் வாயில் ஏழு சேலைப்பின்.
பதில் வைக்க இடமில்லை.
ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினேன்:
தோளில் இரண்டு, இடுப்பில் மூன்று,
கொசுவத்தில் ஒன்று.
அபிநிலா கண்ணாடி வழியே
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஏழாவதைக் குத்திவிட்டுச் சொன்னேன்:
"பதினெட்டு. பேசினபடி."
பெரியம்மா மாலை வந்துவிட்டதா என்று
பார்க்கப் போனாள்.
காசு பதினேழரை வந்தது,
ஒரு பார்சல் சோறும்.

திரும்புகையில் பின்னால் ஹோர்ன்.
பூ ஒட்டிய கார். விலகி, ஒரு காலை ஊன்றி நின்றேன்.
புழுதி என் முகத்தில், கழுத்தில், ரிங் லைட்டில்.
கண்ணாடிக்குள் அபிநிலா சிரித்தது
எனக்கா, அவனுக்கா, தெரியாது.
இடது கண்ணின் ஒட்டு இமை அசையாமல் நின்றது.
அதைத்தான் நான் பார்த்தேன்.

துறைக்கு வந்தால் பாதை அக்கரையில்.
வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.
செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி
வாவியில் துவாயை நனைத்துப் பிழிந்தேன்.
பதினாறையும் எண்ணித் திரும்பச் சுற்றினேன்.
பதினைந்துதான் இருந்தது.