நேலப்பட்டில் அரை நாள்

சூலூர்பேட்டை தாண்டியதும்
பலகையெல்லாம் தெலுங்கு.
ஏன் எழுத்துக்கெல்லாம் தலையில்
டிக் அடித்திருக்கிறது என்றான்
சார்ஜாவிலிருந்து வந்த அக்கா மகன் ரய்யான்.
அக்கா மடியில் பிரியாணிச் சட்டி,
சூடு தாங்க ஒரு துண்டு.

ஏரிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில்
மரங்கள்.
கிளை தெரியாமல் கூழைக்கடா.
எச்சத்தில் இலைகள் வெளுத்திருந்தன.
மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டார்,
அவர் வீட்டுத் தொழிலே மீன்.

ஒரே பைனாகுலர்.
அரை மணிக்கு ஐம்பது ரூபாய்.
முறை வந்தபோது ரய்யான் மேலே பார்க்கவில்லை.
தண்ணீர் வற்றிய ஓரத்தில்
இறகு முளைக்காத ஒன்று
வாயைத் திறந்து திறந்து மூடியது.

"கிந்த படித்தே தல்லி ராது,"
என்றார் காவலாளி.
கீழே விழுந்துவிட்டால்
தாய் வராது.

"என்ன சொல்றார் சாச்சி?"

ஸ்ரீசிட்டியில் ஆறு வருடம்
போன் கம்பெனியில் நின்று
தெலுங்கு பழகியவள் நான் மட்டும்.
"அம்மா மீன் பிடிக்கப் போயிருக்காம்" என்றேன்.

காவலாளி என்னை ஏறிட்டுப் பார்த்தார்.
எல்லைக்காரர்,
தமிழ் தெரியாமலா இருக்கும்?
தொப்பியைக் கழற்றி மாட்டினார்.
"வஸ்துந்தி பாபு," என்றார்,
கொஞ்சம் விட்டு, "வரும், வரும்."

கோபுரத்தைவிட்டு அவன் இறங்கவில்லை.
மூன்று அரை மணி.
பிரியாணி ஆறிப்போனது.

ஆரம்பாக்கம் செக்போஸ்டில்
வண்டி நின்றபோது கேட்டான்:
"மீன் பிடிக்க இவ்வளவு நேரமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
யாரும் சொல்லித் தராமலே
மச்சான் சொன்னார்:
"சில நாள் லேசுல கிடைக்காதுடா."