ஆறாம் எண்

எட்மன்டனில் நவம்பர்.
பனி விழவிழ
மைதானத்துக் கோடுகளைத் தள்ளித் துடைப்பது என் வேலை.

ஈரான் அணிப் பயிற்சியாளர் சியாவாஷ் தங்கெஸ்தானி
அபதான்காரராம்.
எண்ணெய் வாடையடிக்கும் தெருவில்
வெறுங்காலால் உதைத்துப் பழகிய ஆறாம் எண்.
இப்போது டை, கம்பளிக் கோட்டு,
முகம் தெரியும் தோல் ஷூ.
பேச்சே கிடையாது, சூயிங்கம்தான்.

எழுபத்தெட்டாம் நிமிடம்
பந்து வெளியேறி அவரிடம் உருண்டது.
எடுத்துக் கொடுத்திருக்கலாம்.
இடது காலால் அமுக்கி நிறுத்தினார்.
எதிரணிப் பையன் பாய்ந்து வர
உள்ளங்காலால் ஓர் இழுப்பு.
பையன் பனியில் சறுக்கிக்கொண்டே போனான்.

நடுவர் மஞ்சள் அட்டையை நீட்டினார்.
இவரோ குனிந்து
தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அது ஏதோ சொல்லிவிட்டதுபோல.

அப்புறம் என்னைப் பார்த்து
கோடு எங்கே என்று கையால் கேட்டார்.
தள்ளிக் காட்டினேன்.

ஒரு கால் ஆட்டத்துக்குள் இருந்தது.