இருபத்தைந்து குதிரை, இரண்டு பங்கு

தலை ஒரு யூரியாப் பையில் வந்தது,
பேத்தாழையிலிருந்து, ஓட்டோவின் பின் இருக்கையில்,
மூத்தவன் யோகநாயகத்தின் மடியில்.
கால் கல்குடாவில்
இளையவன் வீட்டுக் கிணற்றடியில் நிற்கிறதாம்.
இரவில் கோழி அதில் ஏறிப் படுக்கிறதாம்.
"அவனிட்ட நீங்கதான் கேட்கணும் மேசிரியார்,
நான் கேட்கமாட்டன்."

பாகம் பிரித்த அன்று
வளவுக்கு நிலஅளவைக்காரர் வந்திருந்தார்.
வலையை முழம்போட்டு அறுத்தார்கள்.
எஞ்சினுக்கு ஸ்பானர் எடுத்தார்கள்.

இரண்டு மாரி கடந்த இரும்பு.
கயிற்றை இழுத்தால் கைதான் நோகிறது.
பிளக் துளை இரண்டிலும் டீசல் வார்த்து
மூன்று இரவு விட்டேன்.
நாலாம் நாள்
பிளைவீலை இரு கையாலும் பிடித்துத் திருக
ஒரு நெல்லளவு அசைந்தது.
மறுகா ஒரு விரலளவு.
உள்ளே சட்டியின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம்.

இளையவன் வரவில்லை. அவன் மனைவி சுகிர்தா வந்தாள்,
கால் சைக்கிள் கரியரில்,
காபரேற்றர் ஒரு மால்ட் ரின்னுக்குள்
மண்ணெண்ணெயில் அமிழ்ந்து.
"கிழமைக்கொருக்கா எண்ணெய் மாத்தினன்,
அவருக்குத் தெரியாது" என்றாள்.
திறந்து பார்த்தேன்.
ஜெட் துளைக்குள் வெளிச்சம் நேராக வந்தது.
குத்திக் கிளற வைத்திருந்த செப்புக் கம்பியை
திரும்பவும் காதில் செருகிக்கொண்டேன்.
விசிறி மட்டும் பிறகு வந்தது,
காற்றுக்கு அடிபடாமல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்ததாம்.

கியர் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வடிந்தது.
சீல் மாற்றினேன்.
இம்பெல்லரின் ஆறு இதழில் ஐந்துதான் இருந்தது.
ஆறாவதைக் கடல் கொண்டுபோயிருக்கும் என்று
புதியதைப் பூட்டினேன்.
அது என் பிழை.

இரண்டு சிலிண்டர்.
மேலது ஏறினால் கீழது இறங்கும்,
ஒரே தண்டில் கொளுவியிருப்பதால் வேறு வழியில்லை.
மேல் பிஸ்டனில் பூனை பிறாண்டியது போல நாலு கோடு.
கீழது சுத்தம்.
ஒயில் கலக்காமல் ஓட்டியது யார் என்று
ஒருவன் காலையில் வந்து கேட்டான்,
மற்றவன் பின்னேரம் போனில் கேட்டான்.
இந்தக் கேள்வியில்தான் வீடு இரண்டானது என்று
வாழைச்சேனைத் துறைமுகம் முழுக்கத் தெரியும்.
பிடியின் ரப்பரில் இரண்டு தேய்வு இருந்தது,
ஒன்று நுனியில், ஒன்று அடியில்.
வேறு எதையும் அதிலிருந்து படிக்க முடியவில்லை.
தெரியாது என்றேன், இருவருக்கும்.

பிறகு நீல பரலில் கிணற்றுத் தண்ணி நிரப்பி
தலையையும் காலையும் பூட்டினேன்.
பழைய போல்ட் துரு தின்றது,
ஆறு புதிதாக வாங்கினேன்.
பெற்றோலில் நாலாவது இழுவைக்குப் பிடித்தது.
புகை, இருமல், பிறகு சீரான ஓட்டம்.
ஆனால் பக்கத் துளையால் தண்ணி வரவில்லை.
எண்ணி இருபதுக்குள் நிறுத்தினேன்.

மேல் சிலிண்டரைச் சுற்றும் தண்ணீர்ப் பாதையில்
உப்புக்குள் புதைந்திருந்தது
சுண்டுவிரல் நகமளவு கறுப்பு ரப்பர்,
அந்த ஆறாவது இதழ்.
ஒயிலில் ஒரு குறையும் இல்லை.
தண்ணி ஏறவில்லை, மேலது வெந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன்.
உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.
மூத்தவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
இளையவன் எடுத்து விரலால் நசித்துப் பார்த்து
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.
"சின்னச் சாமான்" என்றான் மூத்தவன்.
"ஓம்" என்றான் இவன்.
எட்டு வருசத்துக்குப் பிறகு
அவ்வளவுதான் பேசினார்கள்.

எஞ்சினைக் கயிறு இழுத்துக் காட்டினேன்.
துளையால் தண்ணி பாய்ந்து
இருவர் சாரத்தையும் நனைத்தது.
பின்னேரம் ஓட்டமாவடி இஸ்ஸதீன் வந்தார்,
சத்தத்தைக் கேட்டார், விலை பேசினார்.
பரல் மூடியில் காசை வைத்து
இரண்டாய்ப் பிரித்தார்கள், தாள் தாளாக.

என் கூலியில்
தலைக்கு மூத்தவன் தந்தான்.
காலுக்கு இளையவன் தந்தான்.
அந்த ஆறு போல்ட்டின் காசு
இன்னும் என் கொப்பியில் கிடக்கிறது,
யார் பெயரில் எழுதுவதென்று தெரியாமல்.